சேனைக்கு ஆகாத கை

உட்காருங்கள் அம்மா. இந்த மர நிழலை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. அந்தத் தூக்குவாளியா? அது கிடக்கட்டும். இதோ மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன், நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள்.

நான் இங்கே யாரையும் பார்க்க வந்தவன் இல்லை. அதோ அந்தக் குழாயடி தெரிகிறதா? அதில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வந்தேன். அது என் குழாய். மேலே பதித்திருக்கிற கல்லில் வேறு ஒருவன் பெயர் இருக்கும். கல்லுக்கு என்ன தெரியும்? பிள்ளை பெற்ற பெண்களின் துணியை அலச இந்த ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று இதே வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவன் நான். போலீஸ் பந்தலைப் பிரித்தது. வெயிலில் உட்கார்ந்தோம். குழாய் வந்தது. இப்போது அங்கே துவைக்கிற பெண்களில் ஒருத்திக்காவது என்னைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. நன்றி என்பது இந்த மண்ணில் விளைவதில்லை. உப்புதான் விளையும்.

பெயர் சுயம்புலிங்கம். தோழர் சுயம்பு என்றால் அளத்துப் பக்கம் தெரியும். உப்பளத் தொழிலாளர் சங்கம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். படித்தேன், எழுதினேன், சுவரில் ஒட்டினேன், ஒட்டியதற்கு அடி வாங்கினேன். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன், சிரிக்காதீர்கள். மேடைத் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டது, வீட்டிலும் இதுதான். "கொழம்புக்குப் புளி பத்தலைங்கதச் சொல்லக்கூட ஒங்களுக்கு மைக்கு வேணுமாப்பா?" என்று என் மகள் கேட்பாள். கேட்பாள் என்றால், முன்பு கேட்பாள்.

உங்களுக்கு மேலே யார்? மருமகளா? பிள்ளைக்கு மஞ்சளா? நீல விளக்கில் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் அந்தக் கண்ணாடி அறைதான். தெரியும். ஆண்களைச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். விட்டாலும் நான் போகமாட்டேன், அது வேறு விஷயம்.

பயப்படாதீர்கள், மஞ்சள் இறங்கிவிடும். அந்த ஒரு காரியத்தை இங்கே சரியாகச் செய்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே யாராவது சொன்னார்களா? பிள்ளை பிறந்தால் இன்னின்னது நடக்கும் என்று ஒரு வார்த்தை? சினிமாவில் என்ன காட்டுகிறான்? உள்ளே அவள் வீல் என்று கத்துகிறாள். வெளியே இவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். குவா குவா என்று சத்தம். நர்ஸ் சிரித்துக்கொண்டே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பிறந்த நிமிடத்திலேயே அந்தப் பிள்ளைக்குப் பவுடர் போட்டுத் தலை வாரியிருக்கிறது. மோசடி அம்மா. ஊரையே ஏமாற்றி வைத்திருக்கிறார்கள்.

பேறுகாலச் சலுகை கேட்டு நானே எத்தனையோ பிரசுரம் எழுதியவன். 'தாய்மை என்பது சமுதாயத்தின் உற்பத்தி' என்று மஞ்சள் தாளில் கறுப்பு மையில். அதைக் கூட்டத்தில் படித்தபோது ஒரு பெண் எழுந்து நின்று, "தோழர், பிள்ள பெத்தவளுக்குக் குத்தவைக்க முடியாது. அளத்துல ஒரு கக்கூசு வேணும்னு அதுல எழுதுங்க" என்றாள். "அதெல்லாம் சில்லறைக் கோரிக்கை அம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். பிரசுரத்தில் இடம் கிடையாது.

மேலே இருப்பது என் மகள். எழுச்சி. நான் வைத்த பெயர். ஊரில் எழில் என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அப்படியே கையெழுத்துப் போடுகிறாள். மருமகன் கப்பலில் இருக்கிறான். பெற்ற பிள்ளையைப் போனில்தான் பார்த்திருக்கிறான். என் மனைவி பேச்சித்தாய் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. ஆகவே பிரசவத்துக்கு நின்றது சம்பந்தியம்மா தங்கபுஷ்பமும் நானும். அந்த அம்மாளுக்குப் பெயரில்தான் தங்கமும் புஷ்பமும்.

வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு பகல் முழுக்க இதே விளையாட்டு. கத்தல் வரும் வரும் என்று மாடிப்படி அடியில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன், வரவே இல்லை. தங்கபுஷ்பத்தைக் கேட்டால், "சத்தம் போட்டா நர்சு ஏசுவா. பல்லக் கடிச்சிட்டுக் கெடக்கா" என்கிறார். பார்த்தீர்களா? கத்துகிற உரிமைகூட இல்லை! அதற்கு ஒரு பிரசுரத்தை அங்கேயே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

எழுதிக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்தால், இங்கே இவர்கள் வேறு மாநாடு நடத்துகிறார்கள். தங்கபுஷ்பம், அவர் தங்கச்சி, தெருவிலிருந்து வந்த ஒருத்தி. என்ன பொருள் என்றால், சேனை யார் வைப்பது. உங்கள் ஊரிலும் உண்டல்லவா? பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித் தண்ணீர். யார் கையால் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டுமாம். மூடத்தனம். நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அது உங்கள் இஷ்டம். நான் என் கருத்தைச் சொல்கிறேன்.

"பெரிய மாமா?"

"நல்ல மனுசன்தான், ஆனா தண்ணி போடுவாருல்லா."

"வாத்தியாரு?"

"எச்சிக் கையால காக்கா ஓட்டமாட்டாரு. பிள்ளையும் கஞ்சனாப் போகணுமா?"

"அப்ப ஒங்க வீட்டுக்காரரு?"

"நீ வேற. பிள்ள நாள் பூரா தூங்கவா?"

தேர்தலில்கூட வேட்பாளரை இப்படி அலசமாட்டார்கள். நான் இதே இடத்தில், இப்போது உட்கார்ந்திருக்கிற இதே வேரின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். கையெட்டும் தூரம். என் பெயரை ஒருவர் சொன்னாரா? சொன்னால் மறுத்திருப்பேன். நான் பகுத்தறிவுள்ளவன், காரணத்தோடு மறுத்திருப்பேன். ஆனால் மறுப்பதற்கு ஒரு வாய்ப்பு வேண்டுமா வேண்டாமா? ஒருவனை யாருமே முன்மொழியவில்லை என்றால் அவன் எப்படி மறுப்பான்? குடிப்பேனா, கஞ்சனா, தூங்குமூஞ்சியா? வாழ்நாளில் யாரிடமும் தலை குனியாதவன். அந்தக் குணம் ஒரு பிள்ளைக்கு ஒட்டினால் என்ன, நாட்டுக்கு நல்லதுதானே? ஒட்டாது, அது வேறு. ஒட்டும் என்று நம்புகிறவர்கள் யோசித்திருக்க வேண்டும் என்கிறேன்.

கடைசியில் தங்கபுஷ்பம் சொல்கிறார்: "எதுக்கு இம்புட்டு யோசன? எழிலே சொல்லிட்டா. லிங்கத்துர சித்தப்பாதான் வைக்கணுமாம்."

லிங்கத்துரை! உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் தெருக்காரன்தான். ஒரு கருங்காலி. வேலைநிறுத்தத்தை உடைத்தவன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடு, காலுக்கு ரப்பர் செருப்பு கொடு என்று அந்தக் கோடை முழுக்க நின்றோம். உப்பில் வெயில் பட்டுத் திரும்பினால் கண் என்ன ஆகும் தெரியுமா? என் இடது கண்ணைப் பாருங்கள். நாங்கள் நின்றதும் அளத்தில் உப்பு வாருகிற பலகை ஒன்றுகூட அசையவில்லை. ஒருவன் போய் அசைத்தான். போய் உப்பை வாரி லாரியில் ஏற்றினான். கேட்டால், "வீட்டுல பிரசவம், தோழர்" என்றானாம். யார் வீட்டில் பிரசவம் இல்லை? என் வீட்டிலும்தான் பிரசவம். நான் போய் உப்பு வாரினேனா? பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தேன். மகள் பிறந்தது வார்டர் சொல்லித்தான் தெரியும். உள்ளே எல்லோரும் சேர்ந்து முழக்கம் போட்டோம். அதனால்தான் எழுச்சி என்று பெயர் வைத்தேன். பேச்சித்தாய் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷி. அதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியுமே அதிகம் கேட்டதில்லை.

இந்த வரலாறு தெரியாமல் பேசுகிறீர்களே என்றேன். தங்கபுஷ்பம் முந்தானையை உதறிக்கொண்டு, "தெரியாமப் பேசல அண்ணாச்சி. நீங்க செயில்ல இருக்கையில பேச்சித்தாய்க்கு வலி கண்டு, அந்த உப்பு லாரியில ஏத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டாந்ததே அவருதான். எழிலுக்குச் சேனை வச்சதும் அவருதான். அவ அம்மா சொல்லிருக்கா. ஒங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியாதுதான். இந்த மரத்தடியில்தான் தெரிந்துகொண்டேன். அதாவது, கருங்காலி ஏற்றிய உப்புமூட்டை மேல் உட்கார்ந்து என் மனைவி பிள்ளை பெறப் போயிருக்கிறாள். வேலைநிறுத்தத் தலைவரின் மனைவி! எவ்வளவு பெரிய அவமானம்? நல்லவேளை, அப்போது வெளியே தெரியவில்லை.

ஆனால் நான் அசரவில்லை. அந்த நிமிடமே ஒரு வாதம் வந்தது. "கருங்காலி சேனை வைத்தும் என் மகள் கருங்காலியாக ஆகவில்லையே? பிடித்தால் பிடித்ததுதான், என்னைப்போல. ஆகவே சேனை பொய். நிரூபித்தாயிற்று" என்றேன். எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள்.

பிள்ளை பிறந்தது. பெண். கொண்டுவந்து காட்டினார்கள். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது. நான்தான் கேட்டேன். "இது என்ன தலை? சுரைக்காய் மாதிரி நீண்டு கிடக்கிறதே? யாருடைய அலட்சியம் இது?" தோளெல்லாம் பூனைமயிர் வேறு. முகம் வீங்கி, சண்டை போட்டுவிட்டு வந்ததுபோல இருக்கிறது.

நர்ஸ் சொல்கிறாள்: "வார வழி அப்படி தாத்தா. தல அமுங்கித்தான் வரும். நாலு நாள்ல உருண்டையாயிரும்."

"எழுத்து மூலமாகத் தர முடியுமா?"

"எத, தலையையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தபடியே எழுச்சியும் சிரித்துவிட்டு, தையல் வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். உருண்டையாகிவிட்டதாம் இப்போது. கேள்விப்பட்டேன். நான் பார்த்தது அந்தச் சுரைக்காய்த் தலையைத்தான்.

அன்றைக்குப் பார்வை நேரத்தில் லிங்கத்துரை வந்தான். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் மூடி போட்ட ஒரு சின்ன டம்ளர். கை நடுங்குகிறது. குற்றமுள்ள கை நடுங்காதா? வயசு என்றும் சொல்லலாம், எனக்கும் அதே வயசுதான், என் கையைப் பாருங்கள்.

நான் வார்டு வாசலில் குறுக்கே நின்றுவிட்டேன். அறிவியல் என் பக்கம். சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நர்ஸ் காதில் சொன்னால் போதாதா என்று பிற்பாடு தங்கபுஷ்பம் கேட்டார். காதில் சொல்வது காட்டிக்கொடுப்பவன் வேலை. என் வழக்கம் வேறு. "கொடுக்காதே கொடுக்காதே! கருங்காலிச் சேனை கொடுக்காதே!" கூடச் சொல்ல ஆளில்லை. நானே சொல்லி நானே திருப்பிச் சொன்னேன். வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து கத்த ஆரம்பித்தன. அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் அம்மாள் ஓடி வந்தார். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட்டெண்டர் ஒருத்தர் இருக்கப்படாது. அத்தன பேரும் வெளிய! காலையில வாங்க" என்றார். லிங்கத்துரை வெளியே. தங்கபுஷ்பம் வெளியே. மற்ற கட்டில்காரர்களோடு வந்தவர்களும் வெளியே. சேனை நிறுத்தப்பட்டது. முழு வெற்றி. லிங்கத்துரை அந்த டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் இந்த மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்துவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. எதிர்க்கட்டில் பெண் சொன்னதாகச் சொல்கிறார்கள். எழுச்சிக்குத் தையலோடு எழுந்திருக்க முடியவில்லையாம். பிள்ளை தொட்டிலில் கத்துகிறது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நர்ஸ் ஒருத்தி எத்தனை கட்டிலுக்கு ஓடுவாள்? எதிர்க்கட்டில்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொடுத்தால் பிள்ளைக்குக் காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை, இவளுக்குப் பிடிக்க வைக்கத் தெரியவில்லை. இதெல்லாம் தானாக வரும் என்றுதானே அம்மா நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? கன்றுக்குட்டி எழுந்து நின்று குடிக்கிறது. மனிதக்குட்டிக்கு அது ஒரு தொழில், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று எந்தப் பிரசுரத்திலும் இல்லை.

குடிக்காத பிள்ளை சோர்ந்து தூங்கும். தூங்கினால் குடிக்காது. கண்ணெல்லாம் மஞ்சள் கண்டுவிட்டது. "பால் குடி பத்தல தாத்தா, அதான் மஞ்சள் ஏறிப்போச்சு. மொதல்ல தார் மாதிரிதான் வெளிய போகும். நல்லாக் குடிச்சா கடுகு அரைச்ச மாதிரி மஞ்சளாப் போகணும். இது இன்னும் தாராத்தான் போகுது" என்றாள் அதே நர்ஸ். நான் உடனே, "ஆள் பற்றாக்குறைதான் காரணம், நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும்" என்றேன். வேறு யார் பொறுப்பு? சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் போனேன். வார்டு வாசலில் நின்று, "அம்மா எழுச்சி, மூடத்தனம் முறியடிக்கப்பட்டது" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டை முன்புறம் நனைந்திருந்தது. பிள்ளை குடிக்கத் தெரியாமல் இருக்கையில் பால் கட்டி, காய்ச்சல் கண்டு, தானாக ஒழுகுகிறது. அதுவும் யாரும் சொல்லித் தராத விஷயம். மெதுவாகத்தான் சொன்னாள்.

"செயிச்சிட்டியளாப்பா? நல்லது. இனி வராதிய."

கலெக்டர் சொல்லியிருக்கிறார் வராதே என்று. முதலாளி சொல்லியிருக்கிறான், இன்ஸ்பெக்டர் லத்தியை நீட்டிச் சொல்லியிருக்கிறான். எனக்கு இது புதிதா? திரும்பி வந்துவிட்டேன். அவள் அழுதாளாம் அப்புறம். பிள்ளை பெற்றவர்கள் கொஞ்ச நாளைக்குக் காரணமில்லாமல் அழுவார்களாம், நர்ஸே சொன்னாள். காரணமில்லாமல்தான்.

எழுந்திருக்கிறீர்களா? மேலே போகிறீர்களா? இருங்கள், ஒரு நிமிடம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம்... உட்காருங்கள். வேண்டாம், நின்றபடியே கேளுங்கள்.

தங்கபுஷ்பத்துக்கு இன்று காய்ச்சல். காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார், வாட்ச்மேன் சொன்னான். சாயங்காலம் தங்கச்சி வருவாராம். அதுவரை அவள் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி ரொட்டியைத்தான் தின்றிருப்பாள். இந்தத் தூக்குவாளியில் இருப்பது பால்சுறாப் புட்டு. விடிந்ததும் கடற்கரைக்குப் போய் நானே பார்த்து வாங்கினேன். அவித்து, முள் எடுத்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டு. பால் ஊறும் என்கிறார்கள். அது மூடத்தனமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆராயவில்லை. கீழே சோறும் இருக்கிறது.

எனக்குக் கோரிக்கை வைத்துப் பழக்கம் அம்மா. கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் ஜன்னலோரக் கட்டில். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். சங்கத்திலிருந்து என்று சொல்லுங்கள். சங்கத்தில் இப்போது நான் ஒருவன்தான், அது அவளுக்கும் தெரியும். சரி, சங்கம் வேண்டாம். ஒன்றுமே சொல்ல வேண்டாம். வைத்துவிட்டு வாருங்கள்.

*

வந்துவிட்டீர்களா? எங்கும் போகவில்லை, குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் வருகிறது.

கனமே இல்லையே தூக்குவாளி. கீழே கொட்டிவிட்டாளா? தின்றாளா? முழுவதுமா?

யார் என்று சொன்னீர்களா? இல்லையா? அவள் கேட்டாளா? கேட்கவில்லையா. கேட்காமலா வாங்கிக்கொண்டாள்? ஒரு வாய் வைத்தாள், வைத்துவிட்டு? சொல்லுங்கள். "உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லுங்க" என்றாளா? யாரிடம் சொல்லச் சொன்னாள்? பெயர் சொல்லவில்லை. சரி. சொல்லுங்க என்றாள், அவ்வளவுதான்.

உப்பு கூடவில்லை அம்மா. அளவாகத்தான் போட்டேன். உப்பளத்தில் இருந்துகொண்டே இந்த ஊர்க்காரர்கள் உப்பில்லாமல் தின்று பழகிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இதே புகார். பேச்சித்தாய் ஊருக்குப் போனால் நான்தான் சமைப்பேன். "அப்பா, இது கொழம்பா, அளமா?" என்பாள். என்பாள்... ஒன்றுமில்லை. என் இடது கண் இப்படித்தான், வெயில் நேரத்தில் தண்ணீர் வரும். உப்பு செய்த வேலை அது.

இது என்ன பை? அவள் கொடுத்தாளா? என்னிடம் கொடுக்கச் சொன்னாளா, கீழே கொடுத்துவிடுங்கள் என்றாளா? சரியாகச் சொல்லுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கீழே கொடுத்துவிடுங்கள். சரி.

ஓ.

பீத்துணி.

பார்த்தீர்களா அம்மா இவர்கள் நியாயத்தை? சேனை வைக்க ஆகாத கை, பீத்துணி அலச ஆகும். எத்தனை மேடையில் உயர்த்திய கை இது. அளத்து முதலாளி கீழே இறங்கி வந்து பிடித்த கை, அவன் ஏமாற்றத்தான் பிடித்தான், இருந்தாலும் பிடித்தான். அந்தக் கையில் ஒரு பை பீத்துணி. கொடுத்தனுப்புகிறாளாம். 'இனி வராதிய' என்றவள்.

இருங்கள். இந்தத் துணியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். உங்களுக்குக் கண் தெரியும்தானே? என்ன நிறம்? கறுப்பா? தார் மாதிரியா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள்.

கடுகு அரைத்த மாதிரி. எல்லாத் துணியிலுமா? இதிலும். இதிலும்.

குடிக்கிறது அம்மா. பிள்ளை குடிக்கிறது. நான் அப்போதே சொன்னேன், மனிதக்குட்டிக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் என்று. யாரிடம் சொன்னேனா? யாரிடமோ சொன்னேன்.

சோப்பு இருக்கிறதா உங்களிடம்? அந்தப் பெண்கள் சிரிப்பார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழவன் பீத்துணி அலசுகிறான் என்று. சிரிக்கட்டும். என் குழாய் அது.

ஒன்று கேட்கிறேன், உங்களுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும். சேனை வைத்தால் குணம் ஒட்டும் என்கிறீர்களே. இந்தத் துணி காய்ந்ததும் மறுபடி அந்தப் பிள்ளை உடம்பில்தானே சுற்றப்போகிறார்கள்? கையில் இருப்பது துணி வழியாக ஒட்டுமா?

சும்மா கேட்டேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சோப்பைக் கொடுங்கள்.